தை பிறக்காத வீடு

கல்லேரிப்பட்டில் அந்த வருஷமும் தை பிறந்தது, ஏகாம்பரம் வீட்டைத் தவிர.

எங்கள் ஊர் மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், மூன்று பக்கமும் மொட்டைப் பாறை மலை நிற்க, நாலாவது பக்கம் தண்ணீரையே மறந்துபோன ஆறு கிடக்க, நடுவில் அகப்பட்டுக்கொண்ட ஒரு சின்ன டவுன். வெயில் மாசியிலேயே பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிடும், புரட்டாசி தாண்டினாலும் கிளம்புகிற பேச்சை எடுக்காது. பகலில் வெயில் அடித்தது போதாதென்று ராத்திரியில் பாறை அடிக்கும். வருஷத்தில் மார்கழி ஒன்றுதான் எங்களை மனுஷராக மதிக்கிற மாதம். அந்த ஒரு மாதம் தெருவில் பனி இறங்கும், பூசணி பூக்கும், அவரை காய்க்கும், கடன்காரனைப் பார்த்தால்கூடச் சிரிக்கத் தோன்றும். அப்படிப்பட்ட மாதத்தை நாங்கள் கெட்ட மாதம் என்று சொல்லி அதில் ஒரு நல்ல காரியமும் செய்வதில்லை, எங்கள் புத்தி அப்படி.

ஏகாம்பரம் சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடுகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டுக்குப் பின்னால் கிடந்த காலி இடத்தைக் கொத்தித் தோட்டமாக்கினவர். மார்கழி பிறந்த புதிதில், விடிகாலைப் பனியில், குரங்குக் குல்லாவோடு அவரைக்காய்ப் பந்தலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், குழாயைக் கையில் பிடித்தபடியே பந்தலுக்கடியில் சரிந்து போய்ச் சேர்ந்தார். மார்கழியில் போனவர், நேராக வைகுண்டம்தான் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவர் மனைவி தனபாக்கியத்துக்கு அந்த விலாசம் ஆறுதலாக இல்லை.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. போகி அன்று பழசு கொளுத்துவதும் கிடையாது. ஆனால் மாதத்தை அனுப்பி வைக்காமல் விட முடியாதே என்று, அக்கம்பக்கத்தார் அந்த வீட்டுக்குப் போய்க் கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம் ஏதாவது ஒன்றை வாங்கி வந்து தங்கள் நெருப்பில் போட்டுவிடுவது எங்கள் ஊர் வழக்கம். அந்த வருஷமும் போனார்கள். தனபாக்கியம் கதவைப் பாதிதான் திறந்தாள். உள்ளே பழசு என்று இருந்தது எல்லாம் ஏகாம்பரம் படுத்த பாயும் அவர் போட்ட குல்லாவும் அவர் பெருக்கிய துடைப்பமும்தான், அதில் ஒரு ஈர்க்குச்சியைக்கூடத் தர முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். எல்லா வீட்டு வாசலிலிருந்தும் கிளம்பிப் போன மார்கழி, தன்னை யாரும் போகச் சொல்லாத ஒரு வீட்டில் தங்கிவிட்டது.

பங்குனியில்தான் ஊருக்கு விஷயம் முழுசாக உறைத்தது. பக்கத்து வீட்டு முருங்கை வெயிலில் குச்சியாக நிற்க, மதில் சுவருக்கு இந்தப் பக்கம் டிசம்பர் பூ ஊதாவாகப் பூத்துக் கிடந்தது. கேட்டைத் திறந்து ஒரு கால் உள்ளே வைத்தால் அந்தக் கால் சில்லிட்டது, வெளியே நின்ற கால் சுட்டது. வானிலை ஆபீஸிலிருந்து ஒருவர் கருவியோடு வந்து, மதிலுக்கு வெளியே அளந்து, உள்ளே அளந்து, மறுபடி வெளியே அளந்து, கருவி பழுது என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்து மாலை வரை உட்கார்ந்துவிட்டுப் போனார்.

ஊர் அதைப் பழக்கிக்கொண்ட வேகத்தைப் பார்த்தால், எங்களுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தபோதுகூட இவ்வளவு சீக்கிரம் பழகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். துக்கம் விசாரிக்கிற சாக்கில் முதலில் வந்தார்கள், பிறகு சாக்கு இல்லாமல் வந்தார்கள், பிறகு பாயோடு வந்தார்கள். வேர்க்குரு வந்த குழந்தைகளைக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் கிடத்தினார்கள், கீரைக்காரி விற்காத கொத்தமல்லியைக் கிணற்றடியில் அடுக்கி வைத்தாள், டீக்கடைக்காரர் இஞ்சி டீ விற்கத் தோதான இடம் உலகத்திலேயே இதுதான் என்று தள்ளுவண்டியைக் கேட்டோரம் நிறுத்தினார், சீட்டாடுகிறவர்கள் அரசமரத்தடியைக் காலி செய்துவிட்டு அவரைப் பந்தலுக்கடியில் ஜமக்காளம் விரித்தார்கள். தனபாக்கியம் யாரையும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பறித்த அவரைக்காயை வந்தவர்களுக்குக் கொடுத்தாள், பறித்த இடத்தில் மறுநாள் அதே அளவு காய் இருந்தது.

எல்லோரையும் விடப் பாடுபட்டது பஜனைக் கோஷ்டிதான். மார்கழி எங்கே இருக்கிறதோ அங்கே விடிகாலையில் பஜனை போயாக வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க முடியாது. கோஷ்டித் தலைவர் கோதண்டம் சித்திரை வரை தளராமல் டோலக்கை மாட்டிக்கொண்டு வந்தார். வெளியே வியர்த்து வழிய நடந்து வந்து, கேட்டுக்குள் நுழைந்ததும் பல் கிட்டிக்கப் பாடி, திரும்ப வெளியே போய் வியர்த்து, வைகாசியில் அவருக்குக் குரல் மொத்தமாகப் போய்விட்டது. அதன் பிறகு அவர் வாயை மட்டும் அசைப்பார், மற்றவர்கள் பாடுவார்கள்.

அந்த வீட்டில் ஒரு கல்யாணம் காத்துக்கொண்டிருந்தது. தனபாக்கியத்தின் ஒரே மகள் பொற்கொடி, பக்கத்து டவுனில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை; காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வீட்டை விட்டு வெளியே வந்து, கேட்டருகே அதைக் கழற்றிப் பைக்குள் திணித்து, குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிற பெண் எங்கள் ஊரில் அவள் ஒருத்திதான். ஏகாம்பரம் உயிரோடு இருக்கும்போதே அவளை ஆர்க்காட்டுப் பக்கத்துத் தணிகைவேலுக்குப் பேசி முடித்திருந்தார்கள். இருவருக்கும் பிடித்துப்போய், போனில் பேசிப் பேசிச் சண்டை போடுகிற அளவுக்கு நெருங்கியும் விட்டார்கள். தகப்பன் போன வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் கல்யாணத்தை நடத்திவிட வேண்டும், இல்லையென்றால் தள்ளிக்கொண்டே போகும். போதாக்குறைக்குத் தணிகைவேலுக்குத் துபாயில் வேலை கிடைத்து, ஆடியில் விமானம் ஏற வேண்டியிருந்தது.

அவன் அம்மா பச்சையம்மாள் வைகாசியில் நேரே வந்தாள். கேட்டுக்கு வெளியே, டீக்கடைக்காரர் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில், கொளுத்துகிற வெயிலில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளே தவிர, உள்ளே ஒரு அடி வைக்கவில்லை. தனபாக்கியம் சால்வையைப் போர்த்திக்கொண்டு கேட்டுக்கு உள்ளே நின்றாள்.

“பொண்ணு மேல எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க சம்பந்திம்மா. மாசத்து மேலதான் கொற” என்றாள் பச்சையம்மாள்.

“கல்யாணத்த மண்டபத்துல வெச்சிக்கலாமே. மண்டபத்துல வைகாசிதானே நடக்குது?”

“நடக்குது, இல்லன்னு சொல்லல. பந்தக்கால் பொண்ணு வூட்டு வாசல்லதானே நடணும்? உங்க வாசல்ல மார்கழி இல்ல கீது? மார்கழில பந்தக்கால் நட்டு, நாளைக்கு என் புள்ளைக்கு ஒண்ணுகிடக்க ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது? ஆனி முடியறதுக்குள்ள உங்க வூட்ல ஒரு நல்ல மாசத்தக் காட்டுங்க, நான் மொத ஆளா வந்து நிக்கறேன். இல்லன்னா எங்க வழிய நாங்க பாத்துக்கறோம். மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க.”

அவள் பேச்சில் கோபம் இல்லை. குடையைச் சுருக்காமலே எழுந்து பஸ் பிடிக்கப் போனாள்.

விஷயம் பரவி, கோயில் முன்னால் ஊர் கூடியது. போகி அன்று தராத பழசை இப்போது கொளுத்திவிட்டால் மாதம் கிளம்பிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதைச் சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. வார்டு கவுன்சிலர் எழுந்து, கல்யாணம் என்பது ஆயிரம் காலத்துப் பயிர், அதில் அவசரம் கூடாது என்று தொடங்கினார்.

“கல்யாணத்த அப்பறங்கூட வெச்சிக்கலாம். இந்தக் குளிரு போச்சின்னா திரும்பி வருமா? பச்சக் கொழந்தைங்கள நெனச்சிப் பாருங்க!” என்று முடித்தார்.

“மார்கழி பாக்காத மாப்ள வூடா வேற பாத்தா போச்சி” என்றார் டீக்கடைக்காரர்.

“ரிஜிஸ்தர் ஆபீஸ்ல எல்லா நாளும் நல்ல நாளுதான்” என்றார் சீட்டாட்டக்காரர் ஒருவர், தன் பெண்ணுக்கு மூன்று ஜோசியரிடம் நாள் பார்த்தவர்.

கோதண்டம் ஏதோ ஆவேசமாகச் சொன்னார், குரல் இல்லாததால் யாருக்கும் கேட்கவில்லை. கூட்டத்தில் ஓரமாக நின்றிருந்த தனபாக்கியம் இவர்களை எல்லாம் பார்த்தாள். தன் மகள் கல்யாணம் நடக்காமல் இருக்க ஊரே இவ்வளவு அக்கறையாக யோசிக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவளுக்கு ஊர் மேல் கோபம் வரவில்லை, ஏனென்றால் அவர்கள் கேட்டதுதான் அவளும் வேண்டியது. மாதம் முடியாத வரை ஏகாம்பரம் இந்த மாதம் செத்தவர். இந்த மாதம் செத்தவரின் வேட்டியில் இன்னும் அவர் வாசனை இருந்தது, அவர் சொருகி வைத்த மண்வெட்டி சொருகின இடத்திலேயே ஈரமாக நின்றது, அவள் தினமும் விடிகாலையில் பந்தல் பக்கம் திரும்பும்போது கொஞ்சம் முந்தித்தான் அங்கே ஆள் இருந்தது போலிருந்தது.

அந்தத் தோட்டத்தில் எதுவும் அடுத்த கட்டத்துக்குப் போவதில்லை என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிய வந்தது. சலூன்காரர்தான் முதலில் புகார் சொன்னார்: அங்கே பகலெல்லாம் சீட்டாடுகிறவர்களுக்குத் தாடி வளர்வதில்லை, தொழில் படுத்துவிட்டது. பிறகு அடுத்த தெரு ரோஜா. நிறைமாதத்தில் வெயில் தாங்காமல், இரவும் பகலும் அந்த வீட்டுத் தாழ்வாரத்திலேயே படுத்திருந்தாள். டாக்டர் சொன்ன தேதி வந்தது, போனது, அதற்கப்புறமும் வாரங்கள் போயின, வயிற்றில் பிள்ளை உதைத்துக்கொண்டு சுகமாக இருந்ததே தவிர வெளியே வரவில்லை. கடைசியில் நர்ஸம்மா வந்து, எழுந்து வெளியே போய் வெயிலில் நட என்று விரட்டினாள். கேட்டைத் தாண்டி டீக்கடை தாண்டுவதற்குள் ரோஜாவுக்கு வலி எடுத்துவிட்டது. அன்று மாலையே ஆண் பிள்ளை, கொழுகொழுவென்று.

கிணற்றோரம் நின்ற மாமரமும் அப்படித்தான். மார்கழியில் பூ எடுக்கிற மரம், தை வராததால் பூத்துக்கொண்டே இருந்தது. இலை தெரியாமல் பூ, தரை தெரியாமல் உதிர்ந்த பூ, வண்டுகளுக்கு ஓயாத வேலை. ஒரு வடு கிடையாது.

ஆனி பிறந்து சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், பொற்கொடி வேலை முடிந்து முகம் கருகி வந்தாள். கேட்டைத் தாண்டியதும் வழக்கம்போல் ஸ்வெட்டரை எடுத்தவள், அதைப் போட்டுக்கொள்ளாமல் மடியில் வைத்தபடி மாமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். தனபாக்கியம் காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

“சளி புடிச்சிக்கப் போவுது, போட்டுக்கடி.”

“யம்மா, நான் ஒண்ணு கேக்கட்டா? உனக்கு நைனா எப்பம்மா செத்தாரு?”

“இன்னாடி கேள்வி இது? இந்த மாசந்தானே.”

“உனக்கு இந்த மாசம். நான் தெனம் கேட்டத் தாண்டி வேலைக்குப் போறேன்மா. வெளிய அவரு செத்து ரொம்ப நாளாச்சி. கம்பெனில யாரும் இப்பல்லாம் அவரப் பத்திக் கேக்கறதுகூட இல்ல. நானே சில நாளு அவர நெனைக்காம சிரிச்சிப் பேசிக்கினு கீறேன். சாயந்திரம் வூட்டுக்குள்ள கால வெச்சா மறுபடியும் இப்பத்தான் வுழுந்தா மாதிரி கீது. தெனம் தெனம் புதுசா செத்தா நான் எப்டிம்மா தாங்கறது?”

தனபாக்கியம் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “மாசம் முடிஞ்சா அவரு போயிடுவாரேடி” என்றாள்.

“அவரு போயிட்டாரும்மா.”

அம்மாவும் மகளும் அழுதார்கள். மாம்பூ அவர்கள் தலையில் உதிர்ந்துகொண்டிருந்தது. கல்யாணத்தைப் பற்றிப் பொற்கொடி அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை, அதுதான் தனபாக்கியத்தை ராத்திரி முழுக்கப் புரட்டி எடுத்தது.

மறுநாள் விடிகாலையில் அவள் பாயையும் துடைப்பத்தையும் குல்லாவையும் கொண்டுவந்து வாசலில் குவித்தாள். யார் சொன்னார்களோ, பஜனை வருவதற்குள் மதில் சுவரைச் சுற்றி ஊரே நின்றிருந்தது. ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒருவர் முகத்திலும் சந்தோஷமும் இல்லை. தனபாக்கியம் தீக்குச்சியை உரசினாள். குச்சி நமுத்துப் போயிருந்தது. அடுத்த குச்சியும் அப்படித்தான். கற்பூரம் பற்றவில்லை, பாய் ஓயாத பனியில் ஊறிக் கனத்துக் கிடந்தது. அந்த மதிலுக்குள் காய்ந்த பொருள் என்று ஒன்றுகூட இல்லை, எரிகிறது எல்லாம் மதிலுக்கு வெளியேதான் இருந்தது.

அவள் நிமிர்ந்து ஊரைப் பார்த்தாள். “யாராச்சும் காஞ்சது இருந்தா குடுங்கப்பா” என்றாள்.

வெளியே ஆனி மாத அனல் விடிவதற்கு முன்பே முதுகைச் சுட்டுக்கொண்டிருந்தது. கொடுத்தால் நாளை முதல் ஒதுங்க இடம் கிடையாது என்பது அங்கே நின்ற குழந்தைக்கும் தெரியும். கவுன்சிலர் தன் செருப்பைப் பார்த்தார், டீக்கடைக்காரர் அடுப்பைப் பார்த்தார், கொஞ்ச நேரம் எல்லோருக்கும் பார்க்க ஏதோ ஒன்று இருந்தது. பிறகு ரோஜா, கைப்பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தன் வீட்டு மாட்டுக்கொட்டகைக் கூரையிலிருந்து பிடுங்கி வந்த ஒரு பனையோலையை மதில் மேல் நீட்டினாள். “பத்திக்கும், நல்லா காஞ்சது” என்றாள். அதற்குப் பிறகு யாரும் சும்மா நிற்க முடியவில்லை. தென்னை மட்டை வந்தது, முறம் வந்தது, உடைந்த நாற்காலிக் கால் வந்தது, நாளைக்குத் தேவைப்படப் போகிற ஓலை விசிறிகள் வந்தன, சீட்டாட்டக்காரர்கள் சீட்டுக்கட்டைக் கொடுத்தார்கள். போகி மேளம் ஆனியில் எங்கே கிடைக்கும் என்று கோதண்டம் தன் டோலக்கை எடுத்து, பாட முடியாத ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து அடி அடியென்று அடித்தார். டீக்கடைக்காரர் தன் அடுப்பில் ஓர் ஓலையைக் கொளுத்திக் கொடுக்க, நெருப்பு பற்றியது. தனபாக்கியம் குல்லாவை முகத்தில் ஒருமுறை வைத்து எடுத்துவிட்டுக் கடைசியாகப் போட்டாள்.

மார்கழி அலட்டாமல் எழுந்து போனது. பின்னால் காத்திருந்த மாதங்கள் வரிசையாக உள்ளே வந்தன. தை வந்து பனியைத் துடைத்தது, மாசி வந்து இலையை உதிர்த்தது, டிசம்பர் பூ தலை சாய்ந்தது, அவரைக்காய் நெற்றாகிக் கலகலவென்று ஆடியது, மாமரம் பிஞ்சு பிடித்துக் காயாகிப் பழுத்துக் கும்மென்று மணத்து, பத்து மணிக்குள் பாதிப் பழத்தை உதிர்த்துவிட்டது. சீட்டாட்டக்காரர்களுக்கு நின்ற நிலையில் தாடி மார்பைத் தொட்டது, சலூன்காரர் அங்கேயே கத்தரிக்கோலை எடுத்தார். உச்சிப்பொழுதில் அந்த வீட்டிலும் ஆனி வந்துவிட்டது. மண் வெடித்தது, பந்தல் சருகானது, ஊர் மாம்பழத்தைப் பொறுக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தது.

போனில் சேதி போனதும் பச்சையம்மாள், சொன்ன சொல் தவறாமல் அன்று மத்தியானமே பஸ் பிடித்து வந்தாள். கேட்டருகில் நின்று உள்ளங்கையைக் கேட்டுக்கு உள்ளே நீட்டிப் பார்த்தாள், சுட்டது. முதல்முறையாக உள்ளே வந்தவள், கூடத்தில் தனபாக்கியம் ஆறு வாழையிலைகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். செத்தவருக்கு மாதம் ஒரு படையல் வைக்க வேண்டும். தனபாக்கியத்துக்கு ஆறு மாதமும் அன்று ஒரே நாளில் வந்துவிட்டன.

அவள் முதல் இலையில் சோறும் அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் வைத்து, எதிரில் ஆள் உட்கார்ந்திருப்பது போலப் பேசினாள். “தை மாசத்துல உன் தம்பி வந்து போனாருயா. நல்லாத்தான் கீறாரு.” இரண்டாவது இலைக்கு மாசியில் மோட்டார் பழுதானதைச் சொன்னாள். மூன்றாவதற்கு மகளுக்குச் சம்பளம் கூடினதை, நான்காவதற்கு வந்து போன ஜனக்கூட்டத்தை, ஐந்தாவதற்கு ரோஜாவின் பிள்ளையை. ஆறாவது இலையின் முன்னால் வந்ததும் அவளுக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. கரண்டியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “ஆறு மாசமாச்சுயா நீ போயி” என்று சொல்லி, சாவு விழுந்த அன்றுகூட அழாத அழுகையை அழுதாள். பொற்கொடி ஓடி வந்தாள், பச்சையம்மாள் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள், யாரும் அழாதே என்று சொல்லவில்லை.

அழுது முடித்துத் தனபாக்கியம் முந்தானையால் முகத்தையும் கழுத்து வியர்வையையும் துடைத்தாள். பச்சையம்மாளைப் பார்த்தாள். அவள் தலையசைத்தாள்.

“பொண்ணுக்கு வர்ற புதன்கெழம பந்தக்கால் நடறோம்” என்று தனபாக்கியம் இலையைப் பார்த்துச் சொன்னாள். “நீ இல்ல. நான் பாத்துக்கறேன்.”

ஆறாவது இலையில் சோற்றை வைத்தாள்.